நான்காம் கால்

நீரோடியிலிருந்து படகில் அரை மணி நேரம்,
அலை அளக்கும் கோபுரம். நான்கு இரும்புக் கால்கள்.
கட்டுக்கயிற்றை வீசும்போது கைப்பேசி நடுங்கும்:
கேரளம் உங்களை வரவேற்கிறது.
ஒரு சுற்று சுற்றினால் தமிழ்நாடு வரவேற்கும்.
மூணாவது காலும் நாலாவது காலும் அவங்களுக்கு,
பெயின்ட் செலவு மட்டும் நமக்கு
என்பான் எஞ்சின் பிடிக்கும் வின்சிலாஸ்.

கடலில் நிற்கும் இரும்புக்கு மூன்று உடம்பு.
காற்றில் இருப்பது பெயின்டை நம்பி இருக்கிறது.
அலை தெறிக்கும் இடம் நனைந்து காய்ந்து நனைந்து
புண்ணாகும்; அதற்கு மெழுகுப் பட்டை சுற்றி
மேலே கூடு போட்டிருக்கிறோம்.
அதற்கும் கீழே, எப்போதும் முங்கியிருப்பதற்கு
அலுமினியக் கட்டிகள்தான் காவல், காலுக்கு ஐந்து.
இரும்பு கரையாதிருக்கத் தாம் கரையவென்றே
பொருத்தப்பட்டவை.
அறிக்கையில் பெயர்: பலி ஆனோடு.
பலி என்றா எழுதுவது என்று மேலாளர்
இரண்டு நாள் வேறு வார்த்தை தேடினார்.
பிறகு அதையே எழுதிக் கையெழுத்திட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
இரும்பைப்போல் யாரும் கடைப்பிடிப்பதில்லை.

கிளீட்டஸ் இறங்கினான், கையில் மீட்டரின் முனை.
மேலே நான், வாயில் பேனா மூடி.
ஒன்றாம் கால் தொள்ளாயிரத்து எண்பது.
இரண்டு, தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.
மூன்று, தொள்ளாயிரத்து நாற்பது.
எல்லாமே கழித்தல் குறி போட்டது.
பள்ளம் ஆழமானால் பாதுகாப்பு;
வேறெந்தக் கணக்கிலும் இது நல்ல செய்தியில்லை.
எண்ணூறு எட்டாவிட்டால்
கடல் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள்.
நான்காம் கால்
எழுநூற்று அறுபது.
முனையை மாற்றி வை என்று கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன்.
எழுநூற்று அறுபது.

ஏறி வந்தவன் முகமூடியைக் கழற்றவில்லை.
"ரெண்டு கட்டி இல்ல."
கரைஞ்சு போச்சா?
"அறுத்திருக்கு. ஹாக்சா பிளேடு."
தண்ணீர் சொட்டி முடிந்த பிறகு,
"இடக்கை."

பாறையில் பன்னிரண்டு வருடம் சிப்பி பறித்தவனுக்கு
வெட்டின் சாய்வு கையெழுத்து மாதிரி.
அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு நேரம்
மூச்சை வைத்திருக்கும் இடக்கைக்காரன்
இந்தக் கரையில் எத்தனை பேர்?
வின்சிலாஸ் ஓடாத எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
கரைந்தது போக ஒரு கட்டி முப்பது கிலோ தேறும்.
பழைய அலுமினியம் எடுக்கும் கடை பொழியூரில் இருக்கிறது.
தடைக்காலம் அறுபது நாள்.

படிவத்தில் ஒரு கட்டம்: இழப்புக்கான காரணம்.
"அலைன்னு எழுதுங்க மேடம்."
அலை ஹாக்சா பிடிக்காது, கிளீட்டஸ்.
அவன் காலுறையைப் பிழிந்தான், ரொம்ப நேரம்.
எண்ணை எழுதினேன்.
கட்டத்தை விட்டுவிட்டேன்.

மறுநாள் இருட்டோடு புதுக் கட்டிகளை ஏற்றப் போனால்
படகில் நாலாவதாக ஒரு ஆள்.
"தங்கச்சி மாப்பிள்ளை. கூலி வேண்டாமாம்."
அவ்வளவுதான் பேச்சு.
சிலிண்டர் இல்லாமல் இறங்கினான் அவன்.
கிளீட்டஸ் கவ்வியை முறுக்கும்வரை
கட்டியைத் தோளில் தாங்கி நிற்பான்,
மூச்சுக்கு மேலே வருவான், மறுபடி போவான்.
பதினோரு தரம் எண்ணினேன்.
கடைசியில் வந்தபோது மூக்கில் கொஞ்சம் ரத்தம்.
வின்சிலாஸ் பீடி பற்றவைத்துக் கொடுத்தான்.
அதை இடக்கையால் வாங்கி,
ஏனோ, வலக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

மாலையில் எழுநூற்று எழுபது.
அடுத்த நாள் எழுநூற்றுத் தொண்ணூறு.
இரும்பு அவசரப்படாது.
மூன்றாம் நாள் எண்ணூற்றுப் பன்னிரண்டு.
கைப்பேசி நடுங்கியது. யார் வரவேற்றது என்று பார்க்கவில்லை.

இன்று திருவனந்தபுரத்திலிருந்து கடிதம்:
படிவம் குறைபாடுடையது,
காரணம் பூர்த்தி செய்து திருப்பி அனுப்பவும்.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
நான்கு மணியிலிருந்து.